விமானத் தரைக்கு ஃபோம் ஒட்டும் முன்

அமெரிக்காவில், பாகங்களாக வாங்கிப் பூட்டும் ஆர்வி-7 போன்ற கிட் விமானங்களைச் சொந்தக் கொட்டகையில் கட்டி முடிப்பவர்களுக்கு, முதல் குளிர்காலத்தில்தான் தரை ஞாபகம் வருகிறது. 10,000 அடி உயரத்தில் கணக்குப்படி மைனஸ் 5 டிகிரி. பாதத்துக்கும் அந்தக் குளிருக்கும் நடுவே இருப்பது மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றுதான். எக்ஸாஸ்ட் குழாய் அடியில் போகும் முன்பகுதியிலோ கோடையில் காலே வைக்க முடியாது. உடனே ஃபோம் வாங்க ஓடுகிறார்கள். அங்கே நடக்கும் தவறுகள் இவை.

தகடு முழுக்கப் பசை

மெத்தைக்குப் போடும் ஸ்பாஞ்சை வாங்கி, ஸ்ப்ரே பசையை மூலைமுடுக்கெல்லாம் அடித்து ஒட்டிவிடுகிறார்கள். எத்தனை சொன்னாலும் இந்தப் பழக்கம் நிற்பதில்லை. கேனப்பி என்ற மேல் கண்ணாடி மூடியின் ஓரத்தில் கசியும் மழை, ஈரச் செருப்பு, உயரத்திலிருந்து இறங்கும்போது குளிர்ந்த தகட்டில் வேர்க்கும் நீர் எல்லாவற்றையும் அந்த ஸ்பாஞ்ச் குடித்து வைத்துக்கொள்ளும். கீழே காற்றுப் புகாது, காயாது. 2024 என்ற எண் கொண்ட அலுமினியக் கலவையைக் காப்பது மேலே உள்ள தூய அலுமினியப் படலம். அது கீறிய இடத்திலும் ரிவெட் ஓரத்திலும் அரிப்பு வெள்ளைப் பொடியாகப் பூக்கும்.

இன்னொன்றும் உண்டு. சிறு விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோல் நீல நிறம். பெட்ரோல் வால்வு இணைப்பு லேசாகக் கசிந்தால் வெறும் தகட்டில் நீலக் கறை பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஸ்பாஞ்ச் அதை உறிஞ்சி மறைத்துவிடும். 12 மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு வரும்போது ரிவெட்டையும் விரிசலையும் பார்க்க வேண்டும்; ஒட்டியவர் பிளாஸ்டிக் சுரண்டியும் கரைப்பானுமாக முட்டி போட்டு உட்கார்ந்திருப்பார்.

நீர் குடிக்காத 6 மி.மீ. மூடிய அறை ஃபோம் (குமிழிகள் ஒன்றோடொன்று இணையாதது) எடுங்கள். தீப்பெட்டி அளவுத் துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து, கல் வைத்து ஓர் இரவு நீரில் அமுக்கி, துடைத்து மறுபடி நிறுங்கள். எடை ஏறினால் அந்த ஃபோம் வேண்டாம். தரைத் தகட்டைத் தாங்கும் சட்டங்களுக்கு (ரிப்) இடையே உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் அட்டையில் அச்சு வெட்டி, தனித்தனித் துண்டாகப் போடுங்கள். ரிப் ஓரத்தில் 10 மி.மீ. விடுங்கள், வடிகால் துளையை மூடாதீர்கள். மூலைகளில் மட்டும் வெல்க்ரோ போதும்.

எரித்துப் பார்க்காமல் வாங்குவது

ஒரு பட்டையைத் தொங்கவிட்டு அடியில் 12 விநாடி சுடர் காட்டுங்கள். பெரிய விமானங்களுக்கான விதி, சுடரை எடுத்த 15 விநாடிக்குள் தீ அணைய வேண்டும் என்கிறது. சொட்டி விழுவது 5 விநாடிக்கு மேல் எரியக் கூடாது. வீட்டில் கட்டியதற்கு அந்த விதி கட்டாயமில்லை. நெருப்புக்கு அது தெரியாது. பளபளக்கும் குமிழி ஷீட் பெரும்பாலும் பாலிஎத்திலீன், எரிந்துகொண்டே சொட்டும்.

ஃபயர்வாலின் கேபின் பக்கம்

ஃபயர்வால் என்பது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள எஃகுத் தடுப்பு. அதன் கேபின் பக்கம் ஃபோம் ஒட்டவே கூடாது. எஞ்சினில் தீப்பிடித்தால் எஃகுத் தகடு பழுத்துச் சிவக்கும், உள்ளே ஒட்டியது புகையாகும். வேண்டுமானால் எஞ்சின் பக்கம் செராமிக் ஃபைபர் வைத்து, மேலே எஃகுப் படலம் போர்த்துங்கள்.

ஓட்டையை அடைக்காமல் மூடுவது

முதலில் சீலன்ட், பிறகு ஃபோம். ஓட்டை வழியே எக்ஸாஸ்ட் புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடை ஃபோம் தடுக்காது.

காருக்கு ஒட்டும் தார் ஷீட்

எடை சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல். வேண்டாம்.

பெடலை மறப்பது

எல்லாம் பொருத்தியபின், பூட்ஸ் போட்டுக்கொண்டு பெடலையும் ஸ்டிக்கையும் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். 6 மி.மீ. உயர்ந்த தரையில் குதிகால் நிற்கும் இடம் மாறியிருக்கும். கால்நுனி பிரேக்கைத் தானாக அழுத்துகிறதா என்று கவனியுங்கள்.