பக்கத்துக் கம்பெனி போட்டியாளரா, கூட்டாளியா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே தொழில் செய்பவர்கள் ஒரே ஊரில் கூடிவிட்டால் புதுமை தானாக வந்துவிடும் என்று நினைப்பது முதல் தவறு. பக்கத்தில் ஷெட் எடுத்ததும் கிடைப்பது ஆள் இழுக்கும் போட்டிதான். தொழில் நுணுக்கம் மனிதர்கள் வழியாகத்தான் சுவர் தாண்டும்: இரண்டு கம்பெனிக்கும் மெஷின் பார்க்கும் மெக்கானிக், இருவருக்கும் ஜாப் ஒர்க் செய்பவர், வேலை மாறும் சூப்பர்வைசர்.

இதற்குப் பயந்து, "வேலையை விட்டபின் இரண்டு வருஷம் போட்டிக் கம்பெனியில் சேர மாட்டேன்" என்று எழுதி வாங்குகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி அது பொதுவாகச் செல்லாது. கலிபோர்னியாவிலும் செல்லாது. 1957-இல் அங்கே டிரான்சிஸ்டர் விஞ்ஞானி ஷாக்லியின் ஆய்வகத்தை விட்டு எட்டுப் பேர் விலகி ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் என்ற சிப் கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களில் நாய்ஸும் மூரும் 1968-இல் அதையும் விட்டு இன்டெலைத் தொடங்கினார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கு வளர்ந்ததில் இப்படி ஆள் மாறியதற்குப் பெரிய பங்கு உண்டு. ரகசியத்தைக் காக்கத் தனி ஒப்பந்தம் போடுங்கள், அது செல்லும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, எதைச் சேர்ந்து செய்வது, எதைத் தனியாக வைத்துக்கொள்வது என்று பிரிக்காமல் இருப்பது. திருப்பூரைப் பாருங்கள். சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவே வெளியேறாத சுத்திகரிப்பைச் சின்னப் பட்டறை தனியாகக் கட்டினால் முதல்கூட மிஞ்சாது. ஆர்டருக்கு மோதிக்கொள்பவர்களே அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பங்குதாரர்கள். பட்டறைகள் அருகருகே இருந்ததால்தான் குழாய் போட்டுக் கழிவைச் சேர்க்க முடிந்தது. தண்ணீரோடு உப்புக் கரைசலையும் மீட்டு மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தும் முறையும் அங்கே வந்தது. ஆனால் கேட்ட நிறத்தைத் துல்லியமாகக் கொண்டுவரும் (ஷேடு பிடிக்கும்) பக்குவமும் விலைக் கணக்கும் அவரவர் கைக்குள்ளேதான். இந்தக் கோடு எங்கே என்று ஒவ்வொரு முதலாளியும் முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

அப்புறம், ஊருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வெளியூர்க் கண்காட்சிகளுக்கு ஆள் அனுப்புங்கள். சுவிஸ் கடிகாரக் கம்பெனிகள் 1962-இல் நியூஷாட்டல் நகரில் பொது ஆய்வகம் வைத்து, 1967-இலேயே பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகார மாதிரியைச் செய்துவிட்டன. ஆனால் முதலில் கடைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் சீக்கோ, 1969 டிசம்பரில். சுற்றியிருந்த எல்லோருக்குமே பழைய இயந்திரக் கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது யாருக்கு அவசரம் வரும்? 1970-இல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த அந்தச் சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுவில் அதில் பாதிப் பேர்கூட இல்லை.