டி.என்.ஏ. இரட்டிப்பில் பிழை திருத்தம்: தாளும் பென்சிலும் கொண்டு ஒரு செய்முறை

ஈ. கோலை பாக்டீரியா பிரிவதற்கு முன் ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகளை (எதிரெதிரே இணைந்த எழுத்து ஜோடிகளை) கொண்ட தன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்கிறது. நகலெடுக்கும் நொதியான டி.என்.ஏ. பாலிமரேஸ் III நொடிக்குச் சுமார் 1,000 எழுத்துகள் என்ற வேகத்தில் ஓடினாலும், இறுதியில் எஞ்சும் பிழை நூறு கோடி எழுத்துகளுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டுவது அரிது. பொருந்தாத இரண்டு எழுத்துகளைக் கண்டுபிடிப்பதைவிட, அவற்றுள் எது தவறானது என்று முடிவு செய்வதே செல்லுக்குக் கடினமான வேலை. அதைப் பின்தொடர ஒரு தாள், பேனா, பென்சில், அழிப்பான் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பழைய இழை

பேனாவால் இடமிருந்து வலமாக சி–டி–ஏ–ஜி–டி–டி–சி–ஜி–ஏ என்று எழுதி, இடது முனையில் 3′ என்றும் வலது முனையில் 5′ என்றும் குறியுங்கள்; இவை இழையின் இரு முனைகளையும் வேறுபடுத்தும் பெயர்கள். இந்த எழுத்துகள் காரங்கள் எனப்படும் வேதிப்பொருள்களைக் குறிக்கின்றன: ஏ என்பது அடினைன், டி தைமின், ஜி குவானைன், சி சைட்டோசின். ஏ-யுடன் டி-யும், ஜி-யுடன் சி-யும் இணையும்.

படி 2: புதிய இழையும் ஒரு பிழையும்

அதன் கீழே, இடது முனையில் 5′ என்று குறித்து, பென்சிலால் ஜி–ஏ–டி–சி–ஏ–ஏ–ஜி வரை எழுதுங்கள். எட்டாவது இடத்தில் சி வர வேண்டும். வேண்டுமென்றே டி என்று எழுதுங்கள். காரங்களில் ஹைட்ரஜன் அணு ஒன்று கணநேரம் இடம் மாறும்போது, ஜி-யும் டி-யும் சரியான இணையைப் போலவே பொருந்திவிடுவதுண்டு. பாலிமரேஸ் இவ்வாறு ஏமாறுவது சுமார் ஒரு லட்சம் எழுத்துகளுக்கு ஒருமுறை.

படி 3: உடனடித் திருத்தம்

ஹைட்ரஜன் தன் இடத்துக்குத் திரும்பியதும் இணை கோணலாகிவிடுகிறது. புதிய இழையின் 3′ முனை சரியாக அமராததால் அடுத்த எழுத்தைச் சேர்ப்பது வெகுவாக மந்தமடைகிறது. அந்த இடைவெளியில் முனை பிரிந்து, நொதியின் எப்சிலான் துணை அலகுக்குச் செல்கிறது. எக்சோநியூக்ளியேஸ் செயல்பாடு, அதாவது இழையை முனையிலிருந்து வெட்டும் திறன், கொண்ட அந்த அலகு கடைசி எழுத்தை மட்டும் வெட்டி நீக்குகிறது. நீங்களும் டி-யை அழித்துவிட்டு சி என்று எழுதுங்கள். எது தவறு என்ற கேள்வி இங்கு எழவே இல்லை என்பதைக் கவனியுங்கள்: வெட்டுவதற்கு வாகாக நீட்டிக்கொண்டிருக்கும் முனை புதிய இழைக்கு மட்டுமே உண்டு.

இழை எப்போதும் 5′-இலிருந்து 3′ நோக்கியே வளர்வதன் பயனும் இங்கேதான் விளங்குகிறது. எழுத்தைப் பிணைப்பதற்கான ஆற்றலை, உள்ளே வரும் நியூக்ளியோடைடு (புதிய எழுத்தைத் தரும் மூலக்கூறு) தன்னுடைய மூன்று பாஸ்பேட்டுகளில் சுமந்து வருகிறது. ஆகவே கடைசி எழுத்தை வெட்டினாலும் அடுத்ததைச் சேர்க்கத் தடையில்லை. எதிர்த்திசையில் வளர்வதானால் அந்த ஆற்றல் இழையின் முனையிலேயே இருந்திருக்கும். முனையை வெட்டியதும் அதுவும் போய், வளர்ச்சி அங்கேயே நின்றிருக்கும். இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் அமைந்திருப்பதால், ஒரு பக்க இழையைத் துண்டு துண்டாக உருவாக்கும் சிரமத்தை செல் ஏற்றுக்கொண்டதற்கு இதுவே நியாயமான விளக்கம் என்பது என் கருத்து.

படி 4: தப்பிய பிழை

உடனடித் திருத்தம் பிழையைச் சுமார் நூறு மடங்கு குறைத்தாலும் சில தப்பிவிடுகின்றன. எட்டாவது இடத்தில் மீண்டும் டி-யை எழுதி, ஒன்பதாவதாக ஏ-க்கு எதிரே இன்னொரு டி-யைச் சேர்த்து இழையை முடியுங்கள். இப்போது முனை கடந்துவிட்டது. பேனாவில் ஜி, பென்சிலில் டி, எதை மாற்றுவது? ஜி-யை ஏ ஆக்கினாலும் இணை பொருந்திவிடும், ஆனால் அதன்பின் எந்த நொதியாலும் அப்பிழையைக் கண்டறிய இயலாது.

ஈ. கோலை இதற்கு ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. ஜி–ஏ–டி–சி என்ற தொடர் வருமிடமெல்லாம் அதன் ஏ-யில் மெத்தில் தொகுதி என்ற சிறிய வேதித் தொகுதி ஒட்டப்படுகிறது. புதிய இழைக்கு அது சில நிமிடங்கள் தாமதமாகவே கிடைக்கும். பென்சில் வரியின் முதல் நான்கு எழுத்துகள் அத்தொடரே; பேனா வரியை வலமிருந்து படித்தால் கடைசி நான்கும் அதுவே. மெத்திலைக் குறிக்க, பேனா வரியின் மூன்றாவது எழுத்தான ஏ-யின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். மியூட்-எஸ் என்ற புரதம் பொருந்தாத இடத்தைப் பற்றிக்கொள்ள, மியூட்-எல் வழியாகத் தூண்டப்படும் மியூட்-எச், புள்ளியில்லாத இழையை மட்டும் வெட்டுகிறது. அந்த வெட்டு முதல் பிழை வரையிலான பகுதி நீக்கப்பட்டு, பாலிமரேஸ் அதை மீண்டும் எழுத, லிகேஸ் என்ற நொதி ஒட்டுகிறது. உண்மையான செல்லில் வெட்டுமிடம் பிழையிலிருந்து ஆயிரம் எழுத்துகள் தள்ளியும் இருக்கலாம். இவ்வழிமுறையை விளக்கிய பால் மோட்ரிச், 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மனிதச் செல்லில் மியூட்-எச் இல்லை; புதிய இழையில் இன்னும் ஒட்டப்படாத இடைவெளிகளே அங்கு அடையாளமாக உதவுகின்றன. மியூட்-எஸ், மியூட்-எல் ஆகியவற்றுக்கு இணையான எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1 மரபணுக்கள் நமக்கும் உண்டு. அவற்றில் ஒன்று பழுதுபட்டுப் பரம்பரையாக வருவது லிஞ்ச் நோய்க்குறி எனப்படுகிறது. அவ்வாறு பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிறரைவிடப் பன்மடங்கு அதிகம்.