அம்மா மாத்திரை போடுகிறாரா? கேட்கிற விதம் இருக்கிறது

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் போன் போட்டு, "அண்ணே, அம்மா மாத்திரையை ஒழுங்காப் போடுறாங்களா?" என்று கேட்பார்கள். அதையே அம்மாவிடம் கேட்டால் "போட்டுட்டேன்ப்பா" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எது விட்டுப்போச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். ஊருக்கு வரும்போது அட்டையில் மீதியை எண்ணுங்கள். திட்டாதீர்கள், திட்டு வாங்கியவர் அடுத்த முறை அட்டையை ஒளித்துவைப்பார்.

மறதி என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். பல சமயம் வேறு காரணம் இருக்கும். கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். உட்காரவைத்து, "என்ன செய்யுது ஆச்சி?" என்று கேட்டேன். சேலையைச் சற்று விலக்கிக் கணுக்காலை விரலால் அழுத்திக் காட்டினார், குழி விழுந்தது. அவர் போட்ட அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்கு அப்படிக் கால்வீக்கம் தரும். டாக்டர் மருந்தை மாற்றினார், இப்போது விடாமல் போடுகிறார். எனலாப்ரில், ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமல் தரும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வயிற்றைப் புரட்டினால், சாப்பாட்டோடு போட்டால் குறையும்.

"நல்லாத்தானே இருக்கேன்" என்பவரிடம் வாதாட வேண்டாம். பிரஷர் ஏறினாலும் பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. வீட்டிலேயே கருவி வைத்துப் பார்த்து, எண்ணை அவரையே எழுதச் சொல்லுங்கள்.

காசு இடித்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை இலவசம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள்.

கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும். புதுசு என்று நினைத்துப் பழையதையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். பழைய அட்டையைக் கொண்டுவந்து, மருந்தின் பெயர் ஒன்றுதானா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் விரதம். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கமே வரும். அந்தப் பயத்தில் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துபவர்களும் உண்டு. நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வேளையை எழுதி வாங்குங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களுக்கும் இதேதான். மாத்திரையைப் பெயர் தெரியும்படி அட்டையோடு தோள்பையில் போட்டுக்கொடுங்கள். வண்டியில் போகும் மூட்டையில் வைக்காதீர்கள்.