டிரில்லிங் மெஷின் முதல் கவாத்துக் கத்தரி வரை: எதற்குக் காசு போடலாம்?

கடையில் போய் வீட்டுக்கு டூல்ஸ் வேண்டும் என்றால், முதலில் 100 பீஸ் பெட்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். அதில் முக்கால்வாசியைத் தொடவே மாட்டோம். தொடுகிற கால்வாசியும் நாலு ஸ்குரூ கழற்றுவதற்குள் முனை மழுங்கிவிடும். அந்தப் பணத்தில் நல்லதாக ஆறேழு சாமான் வாங்கலாம். கணக்கு எளிது: பொருளின் மேல் படுகிற பாகத்துக்கு, அதாவது பிட், பிளேடு, டிஸ்க், முனைக்கு, முதலில் காசு. மெஷின் அதற்குப் பிறகு.

அளக்கும் சாமானைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். ரசமட்டத்தைச் சுவரில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள். அதே இடத்தில் இடவலம் திருப்பி வையுங்கள். குமிழி வேறு இடத்தில் நின்றால் அது வேண்டாம். மூலைமட்டத்துக்கும் இதே வழிதான். பலகையின் நேரான ஓரத்தில் வைத்து ஒரு கோடு, திருப்பி வைத்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழ வேண்டும். டேப்பின் நுனிக் கொக்கி லொடலொட என்று ஆடினால் பழுது என்று நினைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்குகிறவர்கள் உண்டு. கொக்கியின் தகடு எவ்வளவு கனமோ அவ்வளவு அது ஆடத்தான் வேண்டும். உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஆட்டம்தான் சரிக்கட்டுகிறது.

இனி டிரில்லிங் மெஷின். சேலத்தில் பலர் ஏமாறுவது இதில்தான். ‘இம்பேக்ட்’ என்று விற்கும் 13 மி.மீ. மெஷினுக்குள் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும். நாம் அழுத்தினால்தான் அடி விழும். செங்கல், ஃபிளை ஆஷ் கல், பூச்சு, மரம், தகடு எல்லாவற்றுக்கும் இது தாராளமாகப் போதும். ஆனால் கான்கிரீட் பீமிலோ, ஏற்காட்டுப் பழைய வீடுகளின் கல்சுவரிலோ வைத்தால் பிட் பழுக்கும், கை மரத்துப்போகும், ஓட்டை மட்டும் இறங்காது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட். கிரானைட் மாதிரியே கெட்டியானது. அதற்கு ரோட்டரி ஹேமர்தான் வேண்டும். அதில் பிஸ்டன் காற்றை அமுக்கி அடிக்கிறது. நாம் பிடித்துக்கொண்டால் போதும், முட்டுக்கொடுத்து அழுத்த வேண்டியதில்லை. பாஷ் ஜிபிஹெச் 2-26, மகிட்டா எச்ஆர்2630 போன்ற 800 வாட் ரகங்கள் எஸ்டிஎஸ் பிளஸ் பிட் (சாவியில்லாமல் செருகிப் பூட்டும், காடி வெட்டிய பிட்) எடுக்கும், எடையும் மூன்று கிலோவுக்குள். வருடத்துக்கு நாலு ஓட்டைதான் என்றால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல மெஷின் இருந்தும், ஸ்குரூ பிடிக்கச் சுவர் ஓட்டையில் அடிக்கும் பிளக் பிடுங்கிக்கொண்டு வருகிறதா? பெரும்பாலும் பூச்சுதான் காரணம். சிமென்ட் பூச்சே 12 முதல் 20 மி.மீ. கனம் இருக்கும். 25 மி.மீ. பிளக் போட்டால் முக்கால்வாசி பூச்சிலேயே நிற்கும், கல்லைப் பிடிக்காது. கனமான அலமாரிக்கு 8 மி.மீ. பிளக், 50 மி.மீ. அல்லது அதைவிட நீள ஸ்குரூ. ஓட்டையின் ஆழம் பிளக்கின் நீளத்தைவிட 1 செ.மீ. கூட இருக்கட்டும்; பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சைத் தாண்டும் வரை ஹேமரைப் போடாமல் மெதுவாகச் சுற்றவிட்டு, கல் தட்டியதும் ஹேமருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் வாய் அகன்று பிளக் உள்ளேயே சுற்றும். தூசியை ஊதி எடுக்காமல் பிளக்கை அடிக்கக் கூடாது. கான்கிரீட்டில் திடீரென்று இறங்காமல் நின்றால் அது கம்பி. அதோடு மல்லுக்கட்டாமல் மூன்று நாலு செ.மீ. தள்ளிப் போடுங்கள். டைல்ஸில் ஹேமர் கூடவே கூடாது. விட்ரிஃபைடு டைல்ஸுக்கு டைமண்ட் பிட், மெதுவான சுற்று, தண்ணீர்.

கிரைண்டரில் 4 இஞ்ச் போதுமா, 5 இஞ்ச் வேண்டுமா? வீட்டுக்கு 4 போதும், ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு 5. 4 இஞ்ச் டிஸ்கின் ஓட்டை 16 மி.மீ., 5 இஞ்சுக்கு 22.23 மி.மீ. ஒன்றை மற்றதில் ‘அட்ஜஸ்ட்’ செய்து மாட்டாதீர்கள். டிஸ்க் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். அது காலாவதி நாள். டிஸ்கை ஒட்டிப் பிடிக்கும் ரெசின் பழசானாலும் ஈரம் குடித்தாலும் சுற்றும்போதே தெறிக்கும். டிஸ்கை மறைக்கும் கார்டைக் கழற்றி வைத்து வேலை பார்ப்பதும், கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டுவதும் விரலை விலையாகக் கேட்கும் பழக்கங்கள்.

சேலம் உருக்காலை தந்த பழக்கமோ என்னவோ, இங்கே புது வீட்டு மாடிப்படி என்றாலே எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடிதான். அதை வெட்ட 1 மி.மீ. கனமுள்ள, ‘ஐனாக்ஸ்’ என்று எழுதிய டிஸ்க் வாங்குங்கள். இரும்பு கேட்டை அறுத்த அதே டிஸ்கை எஸ்.எஸ்.ஸில் வைத்தால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு, இரண்டு மழைக்குப் பிறகு பைப்பில் துருப் புள்ளி எழும். அப்போது பைப் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

ஹேக்சா பிளேடில் மெல்லிய பைப்புக்கு இஞ்சுக்கு 24 பல், கெட்டிக் கம்பிக்கு 18. எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது பொருளின் மேல் பட வேண்டும். இல்லையென்றால் பல் உடையும். பல் கைப்பிடியை விட்டு முன்னால் பார்க்க வேண்டும். டெஸ்டரை மட்டும் நம்பி ஒயரில் கை வைக்காதீர்கள். ரப்பர் செருப்போடு உலர்ந்த பலகை மேல் நின்றால் கரண்ட் இருந்தாலும் பல்பு மங்கலாகவே எரியும். கேட்-3 பாதுகாப்புத் தரம் போட்ட, 600 வோல்ட் மல்டிமீட்டர் ஒன்று வைத்திருங்கள்.

பேட்டரி மெஷின் வாங்குவதென்றால், முதலில் எந்த கம்பெனியின் பேட்டரி என்று முடிவு செய்யுங்கள். பேட்டரி, சார்ஜர்தான் செலவு. பிறகு வெறும் மெஷினாக வாங்கிக்கொண்டே போகலாம். 18 வோல்ட், 4 ஏ.ஹெச். (ஆம்பியர் மணி) என்றால் 72 வாட் மணி. 2 ஏ.ஹெச். அதில் பாதி. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் சார்ஜ் போடக் கூடாது. 45 டிகிரிக்கு மேல் பல சார்ஜர்கள் ஏற்றவே ஏற்றாது. ஏற்றினாலும் செல்லின் ஆயுள் குறையும்.

எக்ஸ்டென்ஷன் ஒயரில் மிச்சம் பிடிக்கிறவர்கள் மோட்டாரைப் பறிகொடுப்பார்கள். 1200 வாட் மார்பிள் கட்டர் ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 20 மீட்டருக்கு 1.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர், அதற்கு மேல் 2.5. சுருளை முழுக்க அவிழ்த்துவிட்டு ஓட்டுங்கள். சுருளாகவே விட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் இளகிவிடும்.

மேலே ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்கு வேறு சாமான். கவாத்துக்கு, அதாவது கொம்பு வெட்டிவிட, இரண்டு வாயும் ஒன்றையொன்று தாண்டிப் போகும் பைபாஸ் கத்தரியே நல்லது. கட்டைமேல் வெட்டுகிற ரகம் பச்சைக் கொம்பை நசுக்கிவிடும். தீட்டும்போது சரிவான பக்கத்தை மட்டும் தீட்டுங்கள். தட்டையான பக்கத்தைத் தேய்த்தால் இரண்டு வாய்க்கும் நடுவே சந்து விழுந்து கொம்பு மடங்கும். செயின் சாவுக்குப் பெட்ரோலில் கலக்கும் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் 50-க்கு 1, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. சீவல் விழாமல் மாவாகக் கொட்டினால் செயின் மழுங்கிவிட்டது. சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள், கண்ணாடி கட்டாயம்.

மலையின் பனி மூட்டத்தில் துரு ஒரே வாரத்தில் வந்துவிடும். தோல் உறையிலோ சாக்கிலோ சுற்றி வைக்காதீர்கள், அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். துடைத்து, மெஷின் ஆயில் நனைத்த துணியால் ஒரு தடவு தடவி, மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கட்டிங் டிஸ்கை மட்டும் அந்த எண்ணெய்த் துணிப் பக்கம் கொண்டு போகாமல், உலர்ந்த டப்பாவில் படுக்கை வாட்டமாகத் தனியே அடுக்குங்கள்.