இரண்டாம் பாதியில் கனத்த கால்கள்: என் அனுபவம்

மலேசியாவின் பினாங்கில் காற்பந்து லீக் ஆட்டங்களில் நடுத்திடல் ஆட்டக்காரனாக விளையாடும் எனக்கு, இரண்டாம் பாதி தொடங்கிய சிறிது நேரத்திலேயே கால்கள் கனத்து ஓட்டம் தளர்வது நெடுநாள் தொல்லையாக இருந்தது. பயிற்சியைக் கூட்டியும் தீரவில்லை. தீர்வு உணவில்தான் கிடைத்தது.

திரும்பத் திரும்ப வேகமெடுத்து ஓடும் ஆட்டத்தில் தசைகள் பெரிதும் நம்பியிருப்பது கிளைகோஜன் என்னும் சேமிப்பு மாவுச்சத்தையே. 90 நிமிட ஆட்டத்தின் முடிவில் அதில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. ஆகவே, ஆட்டத்திற்கு 3 மணி நேரம் முன்பு, உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் மாவுச்சத்தாவது சேருமாறு, சோறும் தோல் நீக்கிய கோழியும் அல்லது இட்லியும் சாம்பாரும் உண்ணத் தொடங்கினேன். தேங்காய்ப்பாலில் வேகவைத்த மலாய்ச் சோற்றுணவான நாசி லெமாக்கின் சோறு நல்லதே என்றாலும், தேங்காய்ப்பாலிலும் சம்பல் என்னும் மிளகாய் விழுதிலும் உள்ள கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், ஆட்ட நாளில் அதைத் தவிர்த்தேன். பலவகைக் கறிக்குழம்புகள் ஊற்றிய சோறான நாசி கண்டாரும் ஓய்வு நாளுக்கு மாறியது; இவற்றை அறவே விலக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இங்குள்ள புழுக்கத்தில் வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், இடைவேளையில் வாழைப்பழத்துடன் சர்க்கரையும் சிறிது உப்பும் கலந்த நீரை அருந்துகிறேன். ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்திற்குள், 20 முதல் 25 கிராம் புரதம் கிடைக்கும் அளவு மீனோ முட்டையோ சோற்றுடன் சேர்கிறது.

இப்போது கடைசிக் கால் மணி நேரத்திலும் தற்காப்புக்குத் திரும்பி ஓட முடிகிறது. அடுத்த ஆட்டம் விரைவில் வருமானால், முந்தைய இரவிலேயே சோற்றின் அளவைக் கூட்டிக்கொள்கிறேன்.