இலங்கையைச் சுற்ற எந்த வண்டி? வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழித்துணை

வேலூரிலிருந்து சென்னை 140 கி.மீ.; மூன்று மணி நேரத்தில் போய்விடுகிறோம். அந்தக் கணக்கை இலங்கை மலைச்சாலையில் போட்டால் முதல் நாளே திட்டம் குலையும். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கி.மீ.தான். ஆனால் காரில் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். ஏலகிரியின் 14 வளைவுகள் வழிநெடுக வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

போய்ச்சேர: காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால், நீல வழித்தட மெட்ரோ நேராக விமான நிலையத்தில் விடும். கொழும்பு விமானம் தரையிறங்குவது கட்டுநாயக்காவில். அங்கிருந்து நகரத்துக்கு 30 கி.மீ.க்கு மேல், 187ஆம் எண் பஸ் உண்டு. யாழ்ப்பாணம் மட்டும் போதும் என்றால் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதை நம்பி விடுப்பு எடுக்காதீர்கள்.

மலைநாட்டுக்கு ரயில்தான். கண்டியிலிருந்து 'எல்ல' என்ற மலையூர் வரை ஆறேழு மணி நேரம். முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். நல்ல இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஏ.சி. முதல் வகுப்பில் ஜன்னல் திறக்காது. தேயிலைத் தோட்டம் பார்க்கவும் படம் எடுக்கவும் இரண்டாம் வகுப்பே மேல். இரண்டு இடங்களில் பலர் ஏமாறுகிறார்கள். நுவரெலியாவுக்கு இறங்க வேண்டிய நிலையம் நானுஓயா. ஊருக்கு அங்கிருந்து இன்னும் சில கி.மீ. போக வேண்டும். எல்ல வழியாகப் பதுளை போகும் சில வண்டிகள் கண்டிக்குள் வராமல் பக்கத்திலுள்ள பேராதனையிலேயே மலைப்பாதைக்குப் பிரிந்துவிடும், எனவே ஏறும் நிலையத்தைச் சீட்டில் பாருங்கள். 2025 நவம்பர் டிட்வா புயலில் இந்தப் பாதை பல இடங்களில் சேதமானது. எதுவரை வண்டி ஓடுகிறது என்று விசாரித்துவிட்டே அறை பதிவு செய்யுங்கள்.

பௌர்ணமி அங்கே 'போயா' எனும் பொது விடுமுறை; பஸ்ஸிலும் ரயிலிலும் கூட்டம் இருக்கும். பௌர்ணமியன்று திருவண்ணாமலை பஸ்ஸில் இடம்பிடித்துப் பழகியவர்களுக்கு அந்தக் கூட்டம் புதிதல்ல. ஆனால் கையில் பெட்டியோடு அது வேண்டாம்.

தென்கரை ஊர்களான காலி, மாத்தறைக்குக் கொழும்பை அடுத்த மாகும்புரவிலிருந்து அதிவேகச் சாலை பஸ்ஸில் போகலாம். சாதாரண பஸ்ஸில் பெட்டிக்குத் தனி இடம் குறைவு; ஒரு இருக்கையை அடைத்தால் அதற்கும் காசு கேட்பார்கள். முன்னாலுள்ள முதல் இருக்கைகள் பிக்குகளுக்கு. பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கும்.

சீகிரியா பக்கம் ரயில் வசதி போதாது. நாலு பேர் என்றால் டிரைவரோடு வேன் எடுப்பது லாபம். நாளுக்கு எத்தனை கி.மீ., எரிபொருள், டிரைவரின் தங்கும் செலவு யாருடையது என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஆட்டோவில் ஏறுமுன் மீட்டரா, பேசிய தொகையா என்று முடிவுசெய்யுங்கள். ஆட்டோக்காரர் "இரண்டாயிரம்" என்றால் பதறாதீர்கள், அது இலங்கை ரூபாய். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றுக்கு மேல் கிடைக்கும்.

தானே ஓட்ட நினைப்பவர் வேலூர் ஆர்.டி.ஓ.வில் படிவம் 4ஏ கொடுத்து 1000 ரூபாய்க்குப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கலாம்; ஒரு வருடம் செல்லும். அது மட்டும் போதாது. இலங்கையில் அதற்கு அங்கீகாரம் பெற்ற பிறகே சாவியைத் தொட வேண்டும். இல்லாமல் ஓட்டி விபத்தானால் காப்பீடு கை கொடுக்காது.