இம்ப்ளான்ட்டின் மேல் கிரவுனைப் பொருத்தும் முறை

பல் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் பதிந்திருக்கும் டைட்டானியம் இம்ப்ளான்ட்டையும், ஈறைத் தாண்டி மேலே வரும் அபட்மென்ட்டையும் ஒரு சிறிய ஸ்க்ரூதான் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அபட்மென்ட்டின் மேல்தான் செயற்கைப் பல்லான கிரவுன் அமர்கிறது. பிற்காலத்தில் கிரவுன் ஆடுவதாக நோயாளி வந்து சொல்லும்போது, பெரும்பாலும் தளர்ந்திருப்பது இந்த ஸ்க்ரூவே. ஆகவே வேலையின் கவனமெல்லாம் இந்த இணைப்பில் இருக்க வேண்டும்.

பல் இம்ப்ளான்ட்டின் முன்னோடியான பெர்-இங்வார் பிரோனமார்க் 1965-இல் ஸ்வீடனில் முதல் நோயாளிக்குச் சிகிச்சையளித்த காலத்து இம்ப்ளான்ட்டின் தலையில், 0.7 மி.மீ. உயரமுள்ள அறுகோணம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. இம்ப்ளான்ட்டை எலும்பில் திருகி இறக்குவதற்காக வைத்த அந்த அறுகோணம், ஒற்றைப் பல் கட்டும் வழக்கம் வந்த பிறகே, கிரவுன் சுழலாமல் தடுக்கும் வேலையையும் ஏற்றது. இன்று அறுகோணமோ கூம்பு வடிவமோ இம்ப்ளான்ட்டுக்கு உள்ளேயே அமைவதுதான் பரவலாக இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒரு நிறுவனத்தின் பாகம் மற்றொன்றில் சரியாகப் பொருந்தும் என்று நம்பக் கூடாது.

முதலில், ஈறு ஆறும்வரை இம்ப்ளான்ட்டை மூடியிருக்கும் ஹீலிங் கேப்பைக் கழற்றி, உட்புறத்தைச் சலைனால் (உப்புக் கரைசலால்) கழுவி, ஈறுத் திசு எதுவும் இடையில் சிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அபட்மென்ட்டை அழுத்தாமல் மெல்லத் திருப்பினால், அறுகோணம் ஒத்துவரும் இடத்தில் அது தானாகவே இறங்கும். ஸ்க்ரூவைக் கையால் இறுக்கிவிட்டு, இம்ப்ளான்ட்டின் அச்சுக்குச் செங்குத்தாகக் கதிர் விழும்படி எக்ஸ்ரே எடுங்கள். கதிர் சாய்ந்தால் இருக்கும் இடைவெளியும் படத்தில் மறைந்துவிடும். இணைப்பில் கறுப்புக் கோடு தெரிந்தால் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டுமே தவிர, இறுக்கிச் சரிசெய்ய முயலக் கூடாது.

அதன்பின், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால், நிறுவனம் குறிப்பிட்ட அளவுக்கு (பல வகைகளில் 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர்) இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ சற்றே நீள்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப அது இழுக்கும் விசைதான் இரு பாகங்களையும் நெருக்கிப் பிடிக்கிறது. மரைகளில் உள்ள நுண்ணிய மேடுகள் அழுந்தியதும் அந்த விசை கொஞ்சம் குறைவதால், பத்து நிமிடம் கழித்து அதே அளவுக்கு மீண்டும் இறுக்க வேண்டும். அவசரத்தில் பலர் தவிர்த்துவிடும் படி இது.

ஸ்க்ரூத் துளையில் டெஃப்லான் டேப்பைத் திணித்து மேலே காம்போசிட்டால் (பல் நிற அடைப்புப் பொருளால்) மூடுங்கள். சிமென்ட்டால் ஒட்டும் கிரவுனாக இருந்தால் சிமென்ட்டை மெல்லிய பூச்சாகவே இடுங்கள். ஈறுக்கடியில் தங்கும் மிச்சம், இம்ப்ளான்ட்டைச் சுற்றி அழற்சியை உண்டாக்கி எலும்பையும் அரிக்கக்கூடும்.

இறுதியாகக் கடியைச் சோதியுங்கள். இயற்கைப் பல் அழுத்தினால் சற்று அமிழும், இம்ப்ளான்ட் அமிழாது. எனவே மெல்லக் கடிக்கும்போது கிரவுனுக்கும் எதிர்ப்பல்லுக்கும் இடையில் வைத்த மெல்லிய உலோகத்தாள் வழுக்கி வர வேண்டும்; அழுத்திக் கடிக்கும்போதுதான் அது பிடிபட வேண்டும்.